கரி போட்ட முட்டைகள்

எனக்கு அவளைப் பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கதையை எழுத உட்காருகிறவர்கள் பலரும் கடைசியில் எல்லோரையும் மன்னித்து, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து போகிறார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் என்னைப் பாகூர்ப் பக்கத்துக் கடலோரக் குப்பம் ஒன்றின் பள்ளிக்கு ஐந்தாம் வகுப்பு டீச்சராகப் போட்டார்கள். நல்லவாட்டுக்குத் தெற்கே. பெயர் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். நான் அரியூர்க்காரி. நெல்லும் கரும்பும் கோழியும் மாதா கோயிலும்தான் எனக்குத் தெரிந்த உலகம். கடல் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை புதுச்சேரிக்குப் போய்ச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு காலை நனைத்துவிட்டு வருவது. அப்படிப்பட்டவளை ஆமைக்குக் காவல் வைத்தது புதுச்சேரிக் கல்லூரி விரிவுரையாளர் ஒருவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரில் வருவார். கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு மணலில் நடப்பார், கேமராவில் நாலு படம் பிடிப்பார், போய்விடுவார். பள்ளிக்கு வந்து ஆமை அழிந்துகொண்டிருக்கிறது என்று அவர் பேசியபோது எனக்கு ரத்தம் கொதித்தது. எனக்கு எதற்கும் கொதிக்கும். இருபத்தாறு வயது, கல்யாணமாகவில்லை, பள்ளிக்குப் பின்னாலேயே வாடகை அறை. விடியற்காலையில் நான் கரையில் நடக்கிறேன் சார் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கார அம்மாள் சிரித்தாள். "ஆமை பூந்த வூடும் அமீனா பூந்த வூடும் உருப்படாதும்பாங்க. நீ இன்னா டீச்சர், ஆமையைத் தேடிக்கினு போறே?" என்றாள். போனேன்.

பங்குனி ஆமை என்று அங்கே சொல்கிற ஜாதி தை பிறந்ததுமே கரையேறத் தொடங்கும். ராத்திரி வந்து குழி தோண்டி முட்டையிட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். காலையில் பார்த்தால் மணலில் டிராக்டர் டயர் போனதுபோல் ஒரு தடம் ஏறும், ஒரு தடம் இறங்கும். நடுவில் கலைந்த மணல். அந்தக் கலைந்த மணலில் முட்டை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வித்தை. எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

அவள் கருவாடு போடுகிறவள். நாற்பது வயதிருக்கும். புருஷன் இல்லை. மீன் ஏலம் எடுத்து, கூடையில் சுமந்து அபிஷேகப்பாக்கம் வரைக்கும் விற்றுவிட்டு வருவாள். மிஞ்சியதை உப்புப் போட்டுக் காய வைப்பாள். தை மாசி இரண்டு மாசமும் ஆமை முட்டை எடுத்துச் சாராயக்கடைக்குக் கொடுப்பாள். நான் ஐந்தரைக்கு எழுந்தால் அவள் ஐந்து மணிக்கே கரையில் இருப்பாள். கையில் வழவழப்பான மூங்கில் குச்சி. கலைந்த மணலில் ஒரு சாணுக்கு ஒரு சாண் மெல்லக் குத்திக்கொண்டே வருவாள். கெட்டி மணலில் குச்சி நிற்கும். குழி இருக்கும் இடத்தில் பொசுக்கென்று இறங்கும். இறங்கியதும் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வை இருக்கிறதே, அதற்கே அவளைப் பிடித்துக் கடலில் தள்ளலாம்.

பத்து நாள் நானும் அவளும் ஓட்டப்பந்தயம் ஓடினோம். எட்டுக் குழி அவளுக்கு, எனக்கு ஒன்றும் இல்லை. பதினொன்றாம் நாள் நான் போய்ப் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டு வாசலில் நின்றேன். கடலே கெட்டுப்போகும், மீன் வராது, பிள்ளைகள் ஆமையைப் படத்தில்தான் பார்க்கும் என்று ஒரே மூச்சில் பேசினேன். தலைவர் காது குடைந்துகொண்டே கேட்டார்.

மாரியம்மன் கோயில் எதிரே ஊர் கூடியது. அவளையும் கூப்பிட்டார்கள். கடைசியில் தலைவர் ஒரு பந்தயம் வைத்தார்.

"டீச்சர், இந்த வருசம் கெடைக்கற முட்டைய நீங்களே எடுத்து வெச்சிப் பாருங்க. பங்குனி அமாவாசைக்குள்ள குஞ்சி பொரிஞ்சி கடலுக்குப் போச்சின்னா, இனிமே இந்தக் கரையில எவனும் முட்டைய தொட மாட்டான். பொரியலைன்னா நீங்க பள்ளிக்கூடத்தோட நிறுத்திக்கணும். இதுக்கு மேல பேச்சு கெடையாது."

சரி என்றேன். அவள் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். இரண்டு மாசம் கரையில் கைவைக்க முடியாது என்றால் அவளுக்கு என்ன நஷ்டம் என்று நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

அலை எட்டாத மேட்டில் சவுக்குக் கழி நட்டு, பனையோலை கட்டி, எட்டடிக்கு எட்டடி ஒரு வேலி போட்டேன். மூங்கில் குச்சி வித்தையைப் பார்த்தே திருடியிருந்தேன். மாசி பிறப்பதற்குள் நான்கு குழி கிடைத்தது. ஒவ்வொன்றிலும் நூறு, நூற்றுப் பத்து முட்டை. எலுமிச்சம்பழ அளவு, வெள்ளை, ஓடு தோல் மாதிரி அழுந்தும். கூடையில் எடுத்து வந்து, அதே ஆழத்துக்குக் குழி தோண்டி வைத்தேன். சீக்கிரம் எடுத்து, அதே ஆழத்தில் புதைக்கவேண்டும் என்று மட்டும் விரிவுரையாளர் சொல்லியிருந்தார். மற்றபடி, "பத்திரமாப் பாத்துக்குங்க டீச்சர்" என்றார்.

பத்திரமாகப் பார்ப்பது எப்படி என்று எனக்கா தெரியாது? எங்கள் வீட்டில் வருஷம் முழுக்கக் கோழி அடைகாத்துக்கொண்டேயிருக்கும். ஒருமுறை அடைக்கோழியைக் கீரி கடித்துப் போட்டுவிட்டது. என் அம்மா அழவில்லை. பானையில் உமி போட்டு, அடுப்போரம் சூட்டில் வைத்து, பதினைந்து முட்டையையும் தானே அடைகாத்தாள். ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் கரியால் கோடு. காலையில் கோடு மேலே, மத்தியானம் கீழே, ராத்திரி மறுபடி மேலே. திருப்பாவிட்டால் குஞ்சு ஓட்டில் ஒட்டிக்கொண்டு செத்துவிடும் என்பாள். பதினொரு குஞ்சு வந்தது. எங்கள் தெருவே வந்து பார்த்தது.

அப்புறம் என்ன? நானும் நானூறு முட்டையிலும் கரிக்கோடு போட்டேன். இடி இடித்தால் முட்டை கூழ்முட்டையாகும் என்று எங்கள் ஊர் வழக்கப்படி குழிக்கு ஓர் இரும்பாணியும் வைத்தேன். ஒன்றுவிட்டு ஒருநாள், பள்ளி விட்டதும் போய், மணலைக் கையால் விலக்கி, ஒவ்வொன்றாக எடுத்து, கோட்டைப் பார்த்துத் திருப்பி வைத்து மூடுவேன். நாலு குழிக்கு ஒன்றரை மணி நேரம். முதுகு ஒடிந்துபோகும். முதல் வாரத்தில் முட்டைகளின் உச்சியில் சுண்ணாம்பு தடவியது மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. பிடித்துவிட்டது, உள்ளே உயிர் பிடித்துவிட்டது என்று குதித்தேன். அந்தத் திட்டு எல்லாப் பக்கமும் சமமாகப் பரவட்டும் என்று இன்னும் ஒழுங்காகத் திருப்பினேன், ஆப்பம் ஒரே பக்கம் சிவக்காமல் சட்டியைச் சுற்றுகிற மாதிரி.

ஒருநாள் அப்படி உட்கார்ந்திருந்தபோது வேலிக்கு மேல் ஒரு தலை தெரிந்தது. அவள்தான். கருவாட்டுக் கூடையோடு.

"டீச்சர், இன்னா பண்றே நீ?"

"பாத்தா தெரியல?"

"அத்தப் பொரட்டாத. மண்ணு மூடினது மூடினபடியே கெடக்கணும். கோழி முட்டையா அது?"

"நீ இதுவரைக்கும் எத்தனை முட்டைய பொரிக்க விட்டிருக்கே, எனக்கு வந்து பாடம் சொல்றே?"

"நான் வுட்டதில்ல. ஆனா ஒரு தபா என் கண்ணுல படாத குழி ஒண்ணு தானா பொரிஞ்சி ஓடிச்சி. அத்த யாரும் போயி பொரட்டல." கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "அது எப்பிடி வெச்சிதோ அப்பிடியே வுட்டுடு."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எனக்குத் தெரியாதா? முட்டை பொரியாவிட்டால் கரை அவளுக்கு. அப்படியிருக்க என் முட்டைமேல் அவளுக்கு என்ன கரிசனம்? அவள் திருப்பாதே என்றால் திருப்புவதுதான் சரி. எனக்கு அன்றைக்கு இதில் சந்தேகமே வரவில்லை. "உன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போம்மா" என்றேன். போனாள். அன்றிலிருந்து தினமும் திருப்பினேன்.

நாற்பத்தைந்து நாளில் வரும் என்றார்கள். வரவில்லை. ஐம்பது ஆனது. ஐம்பத்தைந்து ஆனபோது வேலிப் பக்கம் ஒரு வாடை. முட்டைகள் ஏற்கெனவே குழிந்து, மஞ்சளாகி, பூஞ்சை பூத்திருந்தன. குஞ்சு உள்ளே பெரிதானால் இப்படித்தான் இருக்கும்போல என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அமாவாசைக்கு முந்தின நாள் ஒன்றைக் கிழித்துப் பார்த்தேன். கெட்டியான தயிர் மாதிரி ஏதோ இருந்தது. இன்னொன்று. இன்னொன்று. முப்பது கிழித்தேன். எதிலும் ஒரு கண்கூட இல்லை.

மணலில் உட்கார்ந்து அழுதேன். துக்கம் பாதி, ஆத்திரம் பாதி. இரண்டு மாசம் முதுகொடிய உழைத்தது எனக்குத் தெரியும். தப்பு என்னிடம் இருக்க முடியாது. அப்படியானால் வேறு யாரிடம்? அந்த வாடை எனக்குக் கருவாட்டு உப்புத் தண்ணியின் வாடையாகத் தெரிந்தது. வேலிக்கு மேல் பார்த்த தலை ஞாபகம் வந்தது. எழுந்தபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டிருந்தது.

மறுநாள் ஊர் கூடியது. நான் எழுந்து சொன்னேன். "கருவாட்டுத் தண்ணியை ஊத்திட்டாங்க. வேலிக்கிட்ட இவங்க நின்னதை என் கண்ணால பாத்தேன்."

தலைவர் நாலு பேரை அனுப்பிக் குழியைத் தோண்டச் சொன்னார். ஒரு கூடை முட்டை வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஆமாம், கருவாட்டு வாடைதான் என்று ஒருவர் சொன்னார். வருஷம் முழுக்கக் கருவாட்டோடு இருக்கிற ஊருக்கு எந்த வாடையும் கருவாட்டு வாடைதான் என்று இப்போது தோன்றுகிறது.

"ஊத்துனியா?" என்று தலைவர் அவளைக் கேட்டார்.

"மாரியாத்தா மேல சத்தியமா ஊத்தல. இந்த டீச்சரே முட்டைய எடுத்து எடுத்துப் பொரட்டிச்சி. வாணாம்னு நான் சொன்னேன். கேட்டுப் பாருங்க. கரிக்கோடு போட்டுக்குது பாருங்க, பொரட்டறதுக்குத்தான் போட்டது."

தலைவர் ஒரு முட்டையை இலையில் வைத்துப் பார்த்தார். "இன்னா கோடு டீச்சர் இது?"

"எண்ணிக்கைக்கு."

"இந்தம்மா பொரட்ட வாணாம்னு சொல்லிச்சா?"

ஊரே என்னைப் பார்த்தது. அவளும் பார்த்தாள். அதில் கெஞ்சல் எதுவும் இல்லை. நடந்ததைத்தானே கேட்கிறார்கள், டீச்சர் சொல்லிவிடுவாள் என்கிற மாதிரி சாதாரணமாகப் பார்த்தாள்.

"இல்லை" என்றேன்.

டீச்சர் பொய் சொல்வாளா? ஊர் கட்டுப்பாட்டை மீறியதற்காக ஒரு வருஷம் அவள் அந்தக் கரையில் மீன் ஏலம் எடுக்கக் கூடாது என்று தீர்ப்பானது. பந்தயம் கள்ளத்தனமாகக் கெடுக்கப்பட்டதால் ஆமை பக்கமே ஜெயித்ததாக வைத்துக்கொள்வோம், இனி இந்தக் கரையில் யாரும் முட்டையைத் தொடக்கூடாது என்றும் தலைவர் சொன்னார். அவள் அங்கேயே நின்று எங்கள் எல்லோரையும் பச்சை பச்சையாகத் திட்டினாள். திட்டத் திட்ட, ஊருக்கு அவள்தான் ஊற்றினாள் என்பது உறுதியானது.

அடுத்த வாரம் புதுச்சேரியில் விரிவுரையாளர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். உச்சுக்கொட்டினார். பிறகு ஒரு காகிதக் கட்டை எடுத்துப் புரட்டினார். "டீச்சர், ஆமை முட்டையை வெச்ச சில மணி நேரத்துக்கு அப்புறம் அசைக்கவே கூடாது. உள்ள இருக்கிற கரு மேல் ஓட்டுல ஒட்டிக்கும். திருப்பினா செத்துடும். கோழி முட்டைக்கு நேர் எதிர். யாரும் எடுத்துத் திருப்பலையே?"

"இல்லை சார்."

இரண்டாவது இல்லை. முதலாவதை ஆத்திரத்தில் சொன்னேன். இதைத் தெரிந்தே சொன்னேன். இந்தக் காகிதத்தை இரண்டு மாசத்துக்கு முன்னால் காட்டியிருந்தால் என்ன என்று அவர்மேலும் எனக்கு ஆத்திரம் வந்தது. ஞாயிறு தவறாமல் ஷூ போட்டுக்கொண்டு வந்தாரே, அந்தக் கரிக்கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாரா? படம் பிடித்துக்கொண்டு போனார். நானூறு உயிரையும் கொன்றது என் கை. அந்தக் கோபத்தை யார்மேல் இறக்குவது என்று தெரியாமல் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் ஜன்னலுக்காகச் சண்டை போட்டுக்கொண்டு அரியூர் போய்ச் சேர்ந்தேன்.

அது ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம். பெரிய வாரத்தில், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் மண்டியிட்டேன். ஒரு பொய் சொன்னேன் சாமி என்று ஆரம்பித்து, சமாளிக்க முடியாமல் முழுவதையும் சொல்லிவிட்டேன். மரத்தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார் பேசினார்.

"ஊருக்கு முன்னால பறிச்சதை ஊருக்கு முன்னாலதான் திருப்பிக் கொடுக்கணும் மகளே. போய்ச் சொல்லிட்டு வா. அப்புறம் மன்னிப்புத் தரேன்."

"சொன்னா ஆமை முட்டையை மறுபடியும் எடுத்துடுவாங்க சாமி."

"நீ ஆமைக்காகவா இங்க வந்தே?" என்றார்.

எழுந்து வந்துவிட்டேன். ஈஸ்டர் ராத்திரிப் பாஸ்கா பூசையில் எல்லோரும் நற்கருணை அப்பம் வாங்க எழுந்து போக, பாவமன்னிப்புக் கிடைக்காத நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உடம்பு சரியில்லையா என்று அம்மா கேட்டாள். ஆமாம் என்றேன். அதுவும் பொய்தான்.

கோடை லீவுக்கு முன் ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. சாமியார் சொன்னதில் பாதியையாவது செய்துவிட்டால் நெஞ்சு லேசாகும் என்று கணக்குப் போட்டுப் போனேன். அவள் நல்லவாட்டில் மீன் எடுத்து, அங்கிருந்து வெயிலில் நடந்து வந்து, வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். குதிகால் வெடிப்பில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"நீ வேணாம்னு சொன்னது நெசம். திருப்பினதாலதான் செத்துச்சு. இப்பதான் எனக்குத் தெரிஞ்சுது" என்றேன்.

"எனக்கு எப்பவோ தெரியும். எங்கிட்ட வந்து சொன்னா இன்னா? ஊர்ல போயி சொல்லு."

"சொன்னா எல்லாம் பழையபடி ஆயிடும். இந்தக் கரையில ஆமையே இல்லாம போயிடும்."

அவள் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். முதன்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"நான் பொறக்கறதுக்கு முன்ன இருந்து வர்து அது. ஆமை எங்கியும் போவாது டீச்சர். சொன்னா நீதான் போவே."

திரும்பி நடந்தேன். அவள் சொன்னது ஆமையைப் பற்றித் தப்பு. குழி குழியாக எடுத்துக்கொண்டேயிருந்தால் ஆமை போகத்தான் போகும். அதை அன்றைக்கும் சொல்லியிருப்பேன், இன்றைக்கும் சொல்வேன். என்னைப் பற்றி அவள் சொன்னதுதான் தப்பில்லை. அந்த வீட்டு வாசலிலிருந்து என் அறை வரைக்கும் அவளை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

அடுத்த வருஷம் தை மாசம் குழிகளை யாரும் தொடவில்லை. நானும் தொடவில்லை. நாய் கிளறாமல் இருக்கச் சுற்றிலும் முள் மட்டும் போட்டேன். மாசிக் கடைசியில் ஒரு விடியற்காலை மணல் குழிந்து, கறுப்பாக ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. அப்புறம் கொத்துக் கொத்தாக. ஊரே ஓடி வந்தது. வலையை அப்படியே கீழே போட்டுவிட்டு ஆண்கள் வந்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். உள்ளங்கை அளவுகூட இல்லாத குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்து தண்ணீருக்கு ஓடின. ஒரு பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அவளுக்கு விதித்த ஒரு வருஷம் முடிய இன்னும் ஒரு மாசம் பாக்கி இருந்தது. கட்டுமரங்களுக்கு அந்தப் பக்கம், கூட்டத்தில் சேராமல், நல்லவாட்டுக்குப் போகிற வழியில் வெறுங்கூடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் குரலை உயர்த்தினார். "இந்த டீச்சர் மட்டும் இல்லைன்னா இதெல்லாம் நம்ம கண்ணுல பட்டிருக்குமா? டீச்சர், ஊரே நிக்குது. ரெண்டு வார்த்தை பேசுங்க."

பத்து நிமிஷம் பேசினேன். எல்லாம் ஆமையைப் பற்றித்தான்.